வாழ்த்து அட்டையில் ஏறிய ஓவியங்கள்

கிறிஸ்துமஸ், ஈஸ்டர், காதலர் தினம், திருமணம், பிறந்தநாள் ஆகிய நாட்களுக்கான வாழ்த்து அட்டைகளில் அருங்காட்சியக ஓவியங்கள் சில திரும்பத் திரும்ப அச்சாகின்றன. கன்னத்தில் கை ஊன்றிய இரண்டு குட்டித் தேவதூதர்கள், கூப்பிய இரு கைகள், பனியில் நடக்கும் வேட்டைக்காரர்கள், நீல வானத்தில் வெண்பூக் கிளைகள், பொன்னாடைக்குள் தழுவி நிற்கும் காதலர்கள் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவற்றில் எதுவும் வாழ்த்து அட்டைக்காக வரையப்பட்டதல்ல. ஒன்று பலிபீடத்துக்கு, ஒன்று வணிகரின் மாளிகைக்கு, ஒன்று பட்டறை ஆயத்தத்துக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருந்தது. அட்டைக்கு வரும்போது அந்தக் காரணம் மறைந்து, வேறொரு காரணம் வந்து சேர்கிறது. சில ஓவியங்களில் ஒரு துண்டு மட்டும் வெட்டி எடுக்கப்பட்டது. சிலவற்றுக்கு இல்லாத கதை கட்டப்பட்டது. சிலவற்றுக்குப் புதிய பண்டிகை ஒன்று ஒதுக்கப்பட்டது.

அட்டையின் தோற்றம்

அச்சடித்து விற்கப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் அட்டை 1843-இல் லண்டனில் வெளிவந்தது. அதற்கு ஏற்பாடு செய்தவர் ஹென்றி கோல். பிரிட்டனில் 1840-இல் நடைமுறைக்கு வந்த ஒரு பென்னி அஞ்சல் முறையை உருவாக்கிய ரோலண்ட் ஹில்லுக்கு உதவியாக இருந்தவர் அவர். பிற்காலத்தில் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகமாக வளர்ந்த சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநரும் அவரே. அஞ்சல் மலிவானதும் பண்டிகைக் காலத்தில் பதில் எழுதவேண்டிய கடிதங்கள் குவிந்தன. அவற்றுக்கெல்லாம் பொதுவான விடையாக ஒரு படத்தை வரைந்து தரும்படி ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியிடம் கோல் கேட்டுக்கொண்டார். ஹார்ஸ்லியின் படத்தில் நடுவே ஒரு குடும்பம் விருந்து மேசையில் அமர்ந்து மதுக் கோப்பையை உயர்த்துகிறது. இருபுறமும் ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கும் காட்சிகள் உள்ளன. கல்லச்சில் ஏறக்குறைய 1,000 படிகள் அடிக்கப்பட்டு, கையால் வண்ணம் தீட்டப்பட்டு, ஒன்று ஒரு ஷில்லிங் விலைக்கு விற்கப்பட்டன. குழந்தைக்கும் மது கொடுப்பதுபோல் படம் இருந்ததால் மதுவிலக்கு இயக்கத்தார் கண்டித்தனர்.

ஒரு ஷில்லிங் என்பது அன்று எல்லோருக்கும் கட்டுப்படியாகும் விலையல்ல. அட்டை பரவலாக வேண்டுமானால் அச்சும் அஞ்சலும் இன்னும் மலிய வேண்டியிருந்தது. 1870-இல் பிரிட்டனில் அரைப் பென்னி அஞ்சல் கட்டணம் வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் வண்ணக் கல்லச்சும் முதிர்ந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் படத்தைத் தீட்டி, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக, இம்மியும் விலகாமல் அடிப்பது அந்த முறை. நல்ல பிரதிக்கு இருபதுக்கும் மேற்பட்ட கற்கள்கூடத் தேவைப்படும். ப்ரெஸ்லாவ் நகரில் பிறந்து 1850-இல் அமெரிக்காவுக்குக் குடியேறிய லூயி ப்ராங், பாஸ்டனில் இந்தத் தொழிலில் தேர்ந்தார். எண்ணெய் ஓவியங்களின் வண்ணப் பிரதிகளை விற்றுவந்த அவர், 1870-களின் நடுவில் கிறிஸ்துமஸ் அட்டைகளை வெளியிடத் தொடங்கினார். 1880-இல் அட்டை ஓவியத்துக்குப் போட்டி வைத்து, முதல் பரிசாக 1,000 டாலர் அளித்தார். நல்ல ஓவியம் செல்வர் வீட்டுச் சுவரோடு நின்றுவிடக் கூடாது, சாதாரண வீட்டுக்குள்ளும் நுழையவேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஜெர்மனியிலிருந்து வந்திறங்கிய மலிவான அட்டைகளின் போட்டியால் சில ஆண்டுகளில் அவர் இந்த வணிகத்திலிருந்து விலகினார். அதே ஜெர்மன் கல்லச்சுத் தொழில்நுட்பத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்துதான் 1894-இல் ரவி வர்மா பம்பாயில் தம் அச்சகத்தை நிறுவினார். அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் ஏழை எளியோர் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது அப்படித்தான்.

பழைய ஓவியங்களை அப்படியே அட்டையாக்கும் வழக்கம் ஒளிப்பட அச்சு வந்தபிறகே உறுதிப்பட்டது. கல்லில் கையால் தீட்டும்போது பிரதி எடுப்பவரின் கை குறுக்கே நின்றது. ஒளிப்படத்தில் அந்தக் குறுக்கீடு குறைந்தது. 1908-இல் லண்டனில் தொடங்கப்பட்ட மெடிசி சொசைட்டி, பழம்பெரும் ஓவியர்களின் படைப்புகளைத் தரமான வண்ணப் பிரதிகளாகக் குறைந்த விலையில் தருவதையே நோக்கமாகக் கொண்டது. விரைவில் அதன் வாழ்த்து அட்டைகளும் பெயர்பெற்றன. அடுத்தடுத்த ஆண்டுகளில் பெரிய அருங்காட்சியகங்கள் தங்கள் சேகரிப்பிலுள்ள ஓவியங்களை அட்டையாக அச்சிட்டுத் தங்கள் கடைகளில் விற்கத் தொடங்கின. இன்று உலகெங்கும் தெரிந்த அட்டை ஓவியங்களின் பட்டியல் இவ்வாறு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டில் உருவானது.

போட்டிச்செல்லி: கேடு காலத்தின் பாலன்

லண்டன் தேசிய ஓவியக் கூடத்திலுள்ள ‘மறைபொருள் கிறிஸ்து பிறப்பு’, சாண்ட்ரோ போட்டிச்செல்லி தம் பெயரை எழுதி வைத்திருக்கும் ஒரே ஓவியம். மேலே பொன் வானத்தில் பன்னிரண்டு தேவதூதர்கள் கைகோத்து வட்டமாக ஆடுகிறார்கள். நடுவில் குடிலில் குழந்தை இயேசு. கீழே தேவதூதர்கள் மனிதரைக் கட்டித் தழுவுகிறார்கள். கிறிஸ்துமஸ் மகிழ்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான படம் இல்லை என்றே அட்டையைப் பார்ப்பவர் நினைப்பார்.

ஆனால் ஓவியத்தின் உச்சியில் கிரேக்க மொழியில் ஒரு குறிப்பு எழுதப்பட்டுள்ளது. 1500-ஆம் ஆண்டின் முடிவில், இத்தாலியின் துயரங்களுக்கு நடுவே இது வரையப்பட்டது என்றும், வேதாகமத்தின் கடைசி நூலில் முன்னுரைக்கப்பட்ட கேடு காலம் நடந்துகொண்டிருக்கிறது என்றும், பின்னர் சாத்தான் கட்டப்படுவான் என்றும் ஓவியர் அதில் எழுதியிருக்கிறார். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சுப் படை இத்தாலிக்குள் நுழைந்திருந்தது. ஃப்ளாரன்ஸ் மக்களை மனந்திரும்பச் சொல்லி ஆட்டிப்படைத்த துறவி சவோனரோலா 1498-இல் தூக்கிலிடப்பட்டு எரிக்கப்பட்டிருந்தார். படத்தின் அடிப்பகுதியில் சின்னஞ்சிறு பேய்கள் பாறை இடுக்குகளுக்குள் ஓடி ஒளிவதும் இதனால்தான். அட்டையில் கிரேக்க வரிகள் பெரும்பாலும் வெட்டுப்படுகின்றன. பேய்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடுகின்றன. உலக முடிவை எதிர்நோக்கி வரைந்த படத்தில் எஞ்சுவது ஆனந்த நடனம் மட்டுமே.

டியூரர்: கூப்பிய கைகளும் கட்டுக்கதையும்

ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் ‘வேண்டும் கைகள்’ அனுதாப அட்டைகளிலும் உறுதிப்பூசுதல் விழா அட்டைகளிலும் அதிகம் காணப்படும் படம். 1508-இல் நீல வண்ணம் பூசிய தாளில், தூரிகையால் கறுப்பு மையும் வெண்மையும் கொண்டு வரைந்த சிறு சித்திரம் அது. வியன்னாவின் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பின்னணி எளியது. ஃப்ராங்க்ஃபர்ட் வணிகர் யாக்கோப் ஹெல்லர், அந்நகரின் டொமினிக்கன் தேவாலயத்துக்குப் பெரிய பலிபீட ஓவியம் ஒன்றைக் கேட்டிருந்தார். அதில் மரியாளின் விண்ணேற்பை அண்ணாந்து பார்க்கும் திருத்தூதர்களில் ஒருவருடைய கைகளுக்கான ஆயத்தப் படம் இது. அந்த ஓவியத்துக்காகத் தலைகள், பாதங்கள், துணி மடிப்புகள் என்று பல ஆயத்தப் படங்களை டியூரர் வரைந்தார்.

ஹெல்லருக்கு அவர் எழுதிய கடிதங்கள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பக்தியைவிடப் பணப்பேச்சே மிகுதி. 130 கில்டருக்கு ஒத்துக்கொண்ட வேலைக்கு உழைப்பும் விலையுயர்ந்த நீலமும் கூடுதலாகச் செலவாயின என்று வாதாடி, முடிவில் 200 கில்டர் பெற்றார். ஓவியத்தின் நடுப்பலகையை 17-ஆம் நூற்றாண்டில் பவேரிய ஆட்சியாளர் வாங்கி மியூனிக்குக் கொண்டுபோனார். 1729-இல் அங்கே அரண்மனையில் மூண்ட தீயில் அது எரிந்துபோனது. மூலம் அழிந்து, அதற்கான ஆயத்தப் படம் மட்டும் புகழடைந்தது.

அந்தப் புகழோடு ஒரு கதையும் 20-ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டது. பதினெட்டுப் பிள்ளைகள் பிறந்த ஏழைக் குடும்பத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் ஓவியம் கற்க ஆசை. நாணயம் சுண்டிப் பார்த்ததில் ஒருவன் படிக்கப் போகிறான். மற்றவன் சுரங்கத்தில் உழைத்து அவனுக்குப் பணம் அனுப்புகிறான். படித்தவன் திரும்பி வரும்போது உழைத்தவனின் விரல்கள் தூரிகை பிடிக்க முடியாதபடி முறுக்கிப்போயிருக்கின்றன. நன்றிக்கடனாக அந்தக் கைகளை ஓவியன் வரைகிறான். அட்டைகளின் உட்பக்கத்திலும் சொற்பொழிவு மேடைகளிலும் ஓயாமல் சொல்லப்பட்ட இந்தக் கதையில் பதினெட்டுப் பிள்ளைகள் என்ற எண் மட்டுமே உண்மை. டியூரரின் தந்தை நியூரம்பெர்க் நகரின் பொற்கொல்லர். 15 வயதில் மகனை ஓவியர் மிகேல் வோல்கெமுட்டிடம் தொழில் பழக விட்டவர் அவரே. பிறந்தவர்களில் வளர்ந்து ஆளான ஆண்மக்கள் மூவர்: ஆல்பிரெக்ட் ஓவியர், எண்ட்ரஸ் பொற்கொல்லர், ஹன்ஸ் ஓவியர். சுரங்கத்துக்குப் போனவர் எவருமில்லை. படத்தில் உள்ள கைகளும் உழைத்துத் தேய்ந்தவையல்ல. மெலிந்து நீண்ட, நேர்த்தியான விரல்கள் அவை. ஆல்பர்டினாவில் உள்ள இன்னொரு டியூரர் படமான ‘இளம் முயல்’ (1502) ஈஸ்டர் அட்டைகளுக்குப் போனது. விலங்கின் மயிரையும் கண்ணில் தெரியும் சன்னல் நிழலையும் கூர்ந்து பார்த்துத் தீட்டிய நீர்வண்ணப் படம் அது. பண்டிகையோடு அதற்குத் தொடர்பில்லை.

ரஃபேல்: கீழ் ஓரத்துத் தேவதூதர்கள்

அட்டை வரலாற்றில் மிக அதிகமாக வெட்டி எடுக்கப்பட்ட துண்டு, ரஃபேலின் ‘சிஸ்டைன் மடோனா’வின் கீழ் விளிம்பில் இருக்கிறது. இத்தாலியின் பியாசென்சா நகரில் புனித சிக்ஸ்துஸ் பெயரிலமைந்த மடத்துத் தேவாலயத்துக்காக 1512-இல் போப் இரண்டாம் ஜூலியஸ் கேட்ட ஓவியம் இது. ஓவியத்துக்கும் பெயர் அந்தப் புனிதரால் வந்ததே. ஏறக்குறைய 2.7 மீட்டர் உயரமும் 2 மீட்டர் அகலமும் கொண்ட துணியில், விலகிய பச்சைத் திரைகளுக்கு நடுவே மரியாள் குழந்தையை ஏந்தி மேகத்தின்மேல் நடந்து வருகிறார். ஒருபுறம் புனித சிக்ஸ்துஸ், மறுபுறம் புனித பார்பரா. கீழே மரச் சட்டம்போல் தெரியும் விளிம்பில் போப்பின் மணிமுடி வைக்கப்பட்டிருக்கிறது. அதே விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு இரண்டு சிறகு முளைத்த குழந்தைகள் மேலே பார்த்தபடி இருக்கின்றன. தாயின் முகத்திலும் குழந்தையின் முகத்திலும் கவலை படிந்திருக்கிறது. வரப்போகும் பாடுகளை இருவரும் அறிந்திருப்பதாகவே அந்தப் பார்வைக்கு விளக்கம் சொல்லப்படுகிறது. அத்தனை கனமான காட்சியின் அடியில்தான் குட்டித் தூதர்கள் சலிப்போடு காத்திருப்பதுபோல் தோன்றுகிறார்கள்.

ஏறக்குறைய 240 ஆண்டுகள் இந்த ஓவியம் பியாசென்சாவிலேயே, அதிகம் பேசப்படாமல் இருந்தது. 1754-இல் சாக்சனி ஆட்சியாளர் மூன்றாம் அகஸ்டஸ் பெருந்தொகை கொடுத்து அதை டிரெஸ்டனுக்குக் கொண்டுவந்தார். ஜெர்மானிய எழுத்தாளர்கள் அதைக் கொண்டாடினர். செதுக்கு அச்சுப் பிரதிகள் பெருகின. 19-ஆம் நூற்றாண்டிலேயே தூதர்கள் இருவரும் தனியாகப் பிரிந்து பீங்கான், பூத்தையல் துணி, அஞ்சலட்டை என்று எல்லாவற்றிலும் ஏறினர். இரண்டாம் உலகப் போர் முடிவில் சோவியத் படை மூல ஓவியத்தை மாஸ்கோவுக்குக் கொண்டுசென்றது. 1955-இல் அது டிரெஸ்டனுக்குத் திரும்பியது. அந்த அலைச்சல் எதுவும் தூதர்களின் அச்சு வாழ்வைப் பாதிக்கவில்லை. மரியாளைப் பிரிந்தபின் அவர்கள் தேவதூதர்களாகவும் நீடிக்கவில்லை. ரோமானியக் காதல் தெய்வமான கியூபிட்டாக எண்ணப்பட்டு, காதலர் தின அட்டைகளின் நிரந்தரச் சின்னமாயினர். 1995-இல் அமெரிக்க அஞ்சல் துறை வெளியிட்ட ‘காதல்’ அஞ்சல்தலைகளிலும் இவர்களே இடம்பெற்றனர்.

புருகல்: ஒற்றை நரியோடு திரும்பும் வேட்டைக்காரர்கள்

பனிக்காலக் காட்சி எதுவும் கிறிஸ்துமஸ் அட்டைக்குப் பொருந்தும் என்ற எண்ணத்துக்கு முதல் சான்று, பீட்டர் புருகல் 1565-இல் வரைந்த ‘பனியில் வேட்டைக்காரர்கள்’. ஆண்ட்வெர்ப் நகரின் பெருவணிகர் நிக்லாஸ் யோங்கெலின்க், தம் மாளிகைக்காக ஆண்டின் பருவங்களை வரிசையாக வரையச் சொன்னார். அந்த வரிசையில் ஐந்து ஓவியங்கள் எஞ்சியிருக்கின்றன: மூன்று வியன்னாவிலும், ஒன்று பிராகிலும், ஒன்று நியூயார்க்கிலும் உள்ளன.

வேட்டைக்காரர் மூவர், பின்னால் நாய்க் கூட்டம், பள்ளத்தாக்கில் உறைந்த குளங்களில் சறுக்கி விளையாடும் ஊரார் என்று படம் குதூகலமாகவே தோன்றுகிறது. நெருங்கிப் பார்த்தால் நிலைமை வேறு. மூவரும் சேர்ந்து கொண்டுவருவது ஒரே ஒரு நரி. நாய்கள் தலை தொங்கி வருகின்றன. இடப்புறத்துச் சத்திரத்தின் பெயர்ப்பலகை ஒரு கொக்கியிலிருந்து கழன்று தொங்குகிறது. அதன் அருகே பன்றியின் மயிரைப் பொசுக்க வைக்கோல் தீ மூட்டியிருக்கிறார்கள். 1564-65 குளிர்காலம் ஐரோப்பாவில் மிகக் கொடியதாக இருந்தது. ஐரோப்பா பல நூற்றாண்டுகள் குளிர்ந்துகிடந்த ‘குறும்பனிக் காலம்’ என்று பின்னாளில் பெயர்பெற்ற காலத்தின் ஒரு பகுதி அது. புருகல் வரைந்தது உணவு குறைந்த பருவத்தை, பண்டிகையை அல்ல. கிறிஸ்து பிறப்பின் அடையாளம் எதுவும் இந்தப் படத்தில் இல்லை.

ஓவியத்தின் பிற்கால வாழ்வும் பணத்தைச் சுற்றியதே. 1566-இல் யோங்கெலின்க் நண்பர் ஒருவரின் கடனுக்குப் பிணையாகத் தம்மிடமிருந்த 16 புருகல் ஓவியங்களை ஆண்ட்வெர்ப் நகருக்கு எழுதிக் கொடுத்தார். பின்னர் பருவ வரிசை ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் கைக்குப் போனது. அவ்வழியே வேட்டைக்காரர்கள் வியன்னா கலை வரலாற்று அருங்காட்சியகத்தை அடைந்தனர்.

ரேபர்னும் மோனேயும்: மேலும் இரண்டு பனிக்காலங்கள்

எடின்பரோவின் டடிங்ஸ்டன் ஏரிப் பனியில் கறுப்பு அங்கியும் தொப்பியும் அணிந்து, ஒற்றைக் காலை உயர்த்திச் சறுக்கும் போதகர் ஸ்காட்லாந்து அட்டைகளில் தவறாமல் இருப்பார். கேனன்கேட் தேவாலயப் போதகரும் எடின்பரோ சறுக்கு விளையாட்டுக் கழக உறுப்பினருமான ராபர்ட் வாக்கர்தான் அவர். 1790-களில் ஹென்றி ரேபர்ன் வரைந்ததாகக் கொள்ளப்படும் இந்தச் சிறு ஓவியம் 1949-இல் ஸ்காட்லாந்து தேசிய ஓவியக் கூடத்துக்கு வரும்வரை வெளியுலகுக்கு அதிகம் தெரியாது. அதன் புகழ் முழுக்க அட்டை, சுவரொட்டி, கடைப் பொருள்கள் வழியே வளர்ந்தது. 2005-இல், இதை வரைந்தவர் பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி-பியர் டான்லூவாக இருக்கலாம் என்று அதே நகரின் கலை அறிஞர் ஒருவர் வாதிட்டபோது, அது செய்தித்தாள் சர்ச்சையானது. நாட்டின் சின்னமாகிவிட்ட படம் வெளிநாட்டார் கைவேலை என்பதை ஏற்கப் பலர் மறுத்தனர். கூடம் ரேபர்னின் பெயரையே வைத்திருக்கிறது.

க்ளோத் மோனேயின் ‘மாக்பை’ 1868-69 குளிர்காலத்தில் நார்மண்டிக் கடற்கரை ஊரான எத்ரெத்தாவுக்கு அருகில் வரையப்பட்டது. பனி மூடிய வேலி, ஒரு படல், அதன்மேல் ஒற்றைக் கறுப்பு வெள்ளைப் பறவை; வேறொன்றுமில்லை. நிழலுக்குக் கறுப்பையும் பழுப்பையும் தவிர்த்து நீலம் தீட்டியிருந்தார் மோனே. 1869-இல் பாரிஸ் அரசுக் கண்காட்சியின் நடுவர் குழு படத்தை நிராகரித்தது. அவர்கள் தள்ளிய அந்த நீல நிழலே இன்று அதைக் குளிர்கால அட்டைகளில் விரும்பப்படும் படமாக்கியிருக்கிறது. பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகம் 1984-இல் அதை வாங்கியது.

ஹொகுசாய்: அச்சாகவே பிறந்த படம்

மற்ற ஓவியங்கள் எல்லாம் அச்சுக்கு வந்து சேர்ந்தவை; கட்ஸுஷிகா ஹொகுசாயின் ‘பேரலை’ அச்சாகவே பிறந்தது. 1831-ஐ ஒட்டி, எழுபது வயதைத் தாண்டிய ஹொகுசாய் ‘ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்’ என்ற வரிசையைத் தொடங்கினார். விற்பனை நன்றாக நடந்ததால் மேலும் பத்துச் சேர்ந்து 46 ஆயின. ‘பேரலை’ அதில் ஒன்று. ஓவியர் வரைவார், செதுக்குபவர் மரக்கட்டையில் வெட்டுவார், அச்சடிப்பவர் நிறம் ஏற்றுவார், பதிப்பாளர் விற்பார் என்பது அன்றைய எடோ நகரத்து ஏற்பாடு. ஒவ்வொரு படமும் ஆயிரக்கணக்கில் அடிக்கப்பட்டு, சாதாரண மக்கள் வாங்கும் விலைக்கு விற்றது. அலைகளுக்கு வேண்டிய ஆழ்ந்த நீலம், ஐரோப்பாவில் கண்டுபிடிக்கப்பட்டு வணிகர் வழியே ஜப்பானுக்கு வந்த பிரஷ்யன் நீலம்.

அட்டையில் பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் படுவது அலை. வரிசையின் பெயர் சொல்லும் பொருளோ நடுவில் பனித் தொப்பியோடு சிறிதாகத் தெரியும் ஃபூஜி. அலைக்கு அடியில் மூன்று நீண்ட படகுகளில் துடுப்புக்காரர்கள் குனிந்து ஒட்டிக்கிடக்கிறார்கள். கடலில் பிடித்த மீனைக் கெடாமல் எடோ சந்தைக்கு விரைந்து கொண்டுசேர்க்கும் படகுகள் அவை.

ஹொகுசாய்க்கு வாழ்த்து அட்டைத் தொழிலும் புதிதல்ல. ஜப்பானில் புத்தாண்டுக்குக் கவிதைக் கழகங்கள் தங்கள் கவிதைகளோடு படம் சேர்த்துத் தனிச்சுற்றுக்காக அச்சடித்துப் பரிமாறிக்கொண்ட ‘சுரிமோனோ’ என்ற வகை இருந்தது. தடித்த தாள், புடைப்பு அச்சு, உலோகப் பொடி என்று செலவு பாராமல் செய்த அந்த வாழ்த்துப் படங்கள் பலவற்றை ஹொகுசாய் வரைந்திருக்கிறார். லண்டனில் கோல் முதல் அட்டையை வெளியிடுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முந்தையவை அவை.

வான்கோ: ஒரு குழந்தைக்கான பரிசு

வாழ்த்து அட்டையின் நோக்கத்துக்கு மிக நெருங்கிய பெரிய ஓவியம் வின்சென்ட் வான்கோவின் ‘வாதுமைப் பூ’. 1890 ஜனவரி 31 அன்று பாரிஸில் தம்பி தியோவுக்கும் அவர் மனைவி யோவுக்கும் மகன் பிறந்தான். பெரியப்பாவின் பெயரையே அவனுக்கு வைத்தார்கள். வான்கோ அப்போது தெற்கு பிரான்ஸில் சான்-ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தார். குழந்தைக்குத் தங்கள் அப்பாவின் பெயரை வைத்திருக்கலாமே என்று முதலில் குறைப்பட்டுக்கொண்டாலும், பிப்ரவரியில் அவர்களுடைய படுக்கையறைக்கென்று ஓர் ஓவியத்தைத் தொடங்கிவிட்டதாகத் தாய்க்கு எழுதினார். தெற்கில் குளிர் முழுதாக விலகுமுன் முதலில் பூக்கும் மரம் வாதுமை. மரத்தின் அடியும் தரையும் தெரியாமல், கிளைகள் மட்டும் வானத்தில் படரும்படி அவர் வரைந்ததற்கு முன்மாதிரி ஜப்பானிய அச்சுப் படங்கள். அவரும் தியோவும் அவற்றை நூற்றுக்கணக்கில் வாங்கிச் சேர்த்திருந்தனர். ஹொகுசாயின் நாட்டு அச்சுக்கலை இவ்வழியாக இன்னொரு அட்டைக்கு வந்தது. இன்று வெண்மையாகத் தெரியும் பூக்களில் அன்று இளஞ்சிவப்புக் கூடுதலாக இருந்தது, சாயம் வெளுத்துவிட்டது. எனவே அட்டைகளில் உள்ள நிறமும் மூல நிறமல்ல.

படத்தை முடிக்கும் தறுவாயில் வான்கோவின் நோய் முற்றியது. ஏறக்குறைய இரண்டு மாதம் அவரால் சரிவர வேலை செய்ய இயலவில்லை. மீண்டபோது வாதுமைப் பூக்காலம் முடிந்திருந்தது. அதே ஆண்டு ஜூலை 29 அன்று அவர் இறந்தார். ஆறு மாதம் கழித்துத் தியோவும் இறந்தார். கைக்குழந்தையோடும் விற்காத நூற்றுக்கணக்கான ஓவியங்களோடும் யோ நெதர்லாந்துக்குத் திரும்பினார். கண்காட்சி, விற்பனை, கடிதங்களின் வெளியீடு என்று வான்கோவின் புகழைக் கட்டியெழுப்பியவர் அவரே. பல படங்களை விற்றாலும் ‘வாதுமைப் பூ’ குடும்பத்தை விட்டுப் போகவில்லை. பரிசு பெற்ற குழந்தை பொறியாளராக வளர்ந்து, குடும்பச் சேகரிப்பை 1962-இல் ஓர் அறக்கட்டளை வசம் ஒப்படைத்து, 1973-இல் ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகம் திறக்கக் காரணமானார். ஓவியம் அங்கே இருக்கிறது. குழந்தைப்பேற்றை வாழ்த்தும் அட்டைகளில் இந்தப் படம் வரும்போது மட்டும் மூலக் காரணமும் அட்டையின் காரணமும் ஒன்றாகின்றன.

கிளிம்ட்: பொன்னாடையின் கீழ் விளிம்பு

குஸ்தாவ் கிளிம்ட்டின் ‘முத்தம்’ திருமண, காதலர் தின அட்டைகளுக்குரிய படமாக நிலைத்துவிட்டது. இதற்கு முந்தைய ஆண்டுகளில் வியன்னா பல்கலைக்கழகக் கூரைக்காக அவர் வரைந்த மூன்று ஓவியங்களை ஆபாசம் என்று பேராசிரியர்களும் பத்திரிகைகளும் தாக்கினர். 1905-இல் அவர் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து விலகினார். அந்த மூன்றும் 1945-இல் போர்க்காலத் தீயில் அழிந்தன. பொன் வேலைக்காரரின் மகனான கிளிம்ட், 1903-இல் இத்தாலியின் ரவென்னா தேவாலயங்களில் பொன் பதித்த சுவர்ச் சித்திரங்களைக் கண்டு ஈர்க்கப்பட்டார். அடுத்து வந்த பொன்தகடு ஓவியங்களின் உச்சம் ‘முத்தம்’. 1908-இல் வியன்னாக் கண்காட்சியில் வைத்தபோது அது இன்னும் முழுமை பெறவில்லை. ஆனாலும் முன்பு அவரைக் கைவிட்ட அதே அரசு 25,000 க்ரோனன் கொடுத்து வாங்கியது. இன்று பெல்வெடேர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூலம் 180 செ.மீ. பக்கமுள்ள சதுரம். நீள்சதுர அட்டைக்காகப் பெரும்பாலும் இரு முகங்களையும் தோள்களையும் மட்டும் வெட்டி எடுக்கிறார்கள். அப்போது படத்தின் கீழ்ப்பகுதி போய்விடுகிறது. அங்கே பூந்தரை திடீரென முடிகிறது. பெண்ணின் மடங்கிய கால்விரல்கள் விளிம்பைப் பற்றியிருக்கின்றன. அதற்கப்பால் வெறும் வெளி. பொன்தகடும் அட்டையில் தோற்றுப்போகும் அம்சம். நடந்துகொண்டே பார்த்தால் மூலத்தின் ஒளி மாறிக்கொண்டிருக்கும். அச்சில் அது அசையாத மஞ்சளாகிறது.

அட்டையால் புகழடைந்த ஓவியர்

மேலே சொன்னவை அருங்காட்சியகத்திலிருந்து அட்டைக்கு வந்தவை. எதிர்த்திசையில் போனவர் அமெரிக்காவின் அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ். 1860-இல் பிறந்த விவசாயக் குடும்பத்துப் பெண். மூட்டுவலியால் பூத்தையல் செய்ய முடியாமல் எழுபது வயதுக்குமேல் ஓவியத்துக்கு மாறினார். செய்தித்தாள், பத்திரிகை, வாழ்த்து அட்டைகளிலிருந்து உருவங்களை வெட்டி வைத்து, அவற்றைப் பார்த்துத் தம் ஊர்க் காட்சிகளுக்குள் நிரப்புவது அவர் வழக்கம். 1938-இல் நியூயார்க் மாநிலத்தின் ஹூசிக் ஃபால்ஸ் ஊரில் மருந்துக்கடைச் சன்னலில் வைத்திருந்த படங்களைச் சேகரிப்பாளர் ஒருவர் பார்த்து வாங்கினார். 1940-இல் அவருடைய முதல் தனிக் கண்காட்சியை நடத்திய ஓட்டோ காலிர், கிளிம்ட்டை அமெரிக்காவுக்கு அறிமுகப்படுத்தியவர்களில் ஒருவர். 1940-களின் பிற்பகுதியில் ஹால்மார்க் நிறுவனம் மோசஸின் பனிக்காலக் காட்சிகளைக் கிறிஸ்துமஸ் அட்டைகளாக்கியது; ‘கிராண்ட்மா மோசஸ்’ என்று அவர் வீட்டுக்கு வீடு அறியப்பட்டார். 1950-இல் அதே நிறுவனம் வின்ஸ்டன் சர்ச்சிலின் ஓவியங்களையும் அட்டையாக்கியது. 101 வயதில், 1961-இல் மோசஸ் காலமானார்.

1949-இல் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியமான யுனிசெஃபுக்கும் ஓர் அட்டையால் புதிய வழி திறந்தது. போருக்குப்பின் உதவி பெற்ற செக்கோஸ்லோவாக்கியாவின் 7 வயதுச் சிறுமி, தாள் கிடைக்காததால் கண்ணாடியில் வரைந்து அனுப்பிய நன்றிப் படத்தை யுனிசெஃப் அட்டையாக அச்சிட்டது. அதைத் தொடர்ந்து ராவுல் டூஃபி, பிக்காசோ, மத்தீஸ் போன்றோர் ஓவியங்களை வழங்க, அட்டை விற்பனை உலகளாவிய நன்கொடை முறையாக வளர்ந்தது.

உரிமையும் இன்றைய நிலையும்

பழைய ஓவியர்கள் இறந்து பல காலமானதால் அவர்களின் படைப்புகளுக்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் நல்ல ஒளிப்படம் அருங்காட்சியகத்தின் கையில் இருந்தது. அதைப் பெறக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. எந்த ஓவியம் அட்டையாகும் என்பதை அந்தக் கட்டணமும் அருங்காட்சியகக் கடையின் விற்பனைக் கணக்குமே பெரிதும் தீர்மானித்தன. ஒருமுறை விற்ற படமே மறுபடி அச்சேறியது. 1999-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம், பதிப்புரிமை முடிந்த ஓவியத்தை அப்படியே படியெடுக்கும் ஒளிப்படத்துக்குத் தனிப் பதிப்புரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது. ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகம் 2012-இலிருந்தும், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இலிருந்தும் பதிப்புரிமை இல்லாத படைப்புகளின் உயர்தரப் படங்களை இலவசமாக இணையத்தில் தருகின்றன. 2019-இல் ஐரோப்பிய ஒன்றியமும் இத்தகைய பிரதிகளுக்குப் புதிய உரிமை கோர முடியாதென்று நெறிமுறை வகுத்தது.

இதனால் அட்டை அச்சிடுவோரின் தெரிவு விரிந்திருக்கிறது. முன்பு கடைக்கு வராத ஓவியங்களும் அட்டையாகின்றன. துண்டாக வெட்டுவதற்கும் நிறத்தை மாற்றுவதற்கும் யாருடைய அனுமதியும் தேவைப்படாத நிலையும் வந்திருக்கிறது. அருங்காட்சியக அட்டைகளின் பின்புறத்தில் ஓவியர், தலைப்பு, ஆண்டு, இருப்பிடம், முழு ஓவியமா பகுதியா என்ற குறிப்பு அச்சிடும் மரபு தொடர்கிறது. ரஃபேலின் தூதர்களைக் காதல் தெய்வங்களிலிருந்தும், டியூரரின் கைகளைச் சுரங்கக் கதையிலிருந்தும் பிரித்தறிய அட்டை வாங்குபவருக்குக் கிடைக்கும் ஒரே வழிகாட்டி அந்தக் குறிப்புதான்.